எண்ணெய்த் தடையும் வல்லரசுகளின் கணக்கும்

ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது படையெடுக்கிறது. உலக மன்றங்கள் கூடுகின்றன. கண்டனத் தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. நீதி, நேர்மை, மனித உரிமை என்ற சொற்கள் மேடைகளில் முழங்குகின்றன. அதன் பின்னர் ஆக்கிரமிப்பாளனைப் பணியவைக்கப் பொருளாதாரத் தடை விதிக்க வேண்டும் என்ற பேச்சு எழுகிறது. பொருளாதாரத் தடைகளுள் தலையாயது எண்ணெய்த் தடை. எண்ணெய் இல்லாமல் டாங்கி நகராது. போர் விமானம் பறக்காது. யுத்தக் கப்பல் துறைமுகத்தை விட்டு வெளிக்கிடாது. எண்ணெயை விற்று வாழும் நாடாயின், அதை வாங்குவார் இல்லையென்றால் படைக்குச் சம்பளம் கொடுக்கவும் வழி இராது. ஆகவே, போரை நிறுத்த மெய்யாகவே விரும்புகிறவன் முதலிற் கைவைக்க வேண்டிய இடம் எண்ணெய்.

ஆனால், கடந்த 90 ஆண்டு கால உலக வரலாற்றைப் புரட்டிப் பார்க்கும் எவருக்கும் ஓர் உண்மை தெற்றெனத் தெரியும். எண்ணெய் என்ற சொல் வாயில் வந்தவுடனேயே அரசுகளின் நீதிக்குரல் தணிந்துவிடுகிறது. கணக்குப் புத்தகம் திறக்கப்படுகிறது. தனக்கு நட்டம் இல்லாத தடையை எந்த நாடும் முதலில் விதிக்கும். நட்டம் வரும் தடைக்கு ஒவ்வொரு நாடும் ஒரு விலக்குக் கேட்கும். விலக்குக் கேட்கும் வலிமை இல்லாத நாடுதான் முழு விலையையும் செலுத்தும். இதை நாம் வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. சான்றுகளை வாசகர் முன் வைக்கிறோம்.

1935ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முசோலினியின் இத்தாலி அபிசீனியா மீது படையெடுத்தது. அன்றைய சர்வதேச சங்கம் இத்தாலியை ஆக்கிரமிப்பாளன் என்று தீர்த்தது. நவம்பர் 18ஆம் திகதி தடைகள் நடைமுறைக்கு வந்தன. இத்தாலிக்கு அனுப்பக் கூடாத பொருட்களின் பட்டியலில் றப்பர் இருந்தது, தகரம் இருந்தது, நிக்கல் இருந்தது. குதிரையும் கோவேறு கழுதையும் ஒட்டகமும் இருந்தன. எண்ணெய் மட்டும் இருக்கவில்லை! கழுதையைத் தடுத்த சங்கம் மோட்டார் வண்டிக்கு ஊற்றும் பெற்றோலைத் தடுக்கவில்லை. இத்தாலியப் படைக் கப்பல்களுக்கு சூயஸ் கால்வாயும் மூடப்படவில்லை.

ஏன்? முசோலினியைச் சினமூட்டினால் ஐரோப்பாவில் போர் மூளும் என்ற அச்சம் பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் இருந்தது என்பது உண்மை. ஆனால் அச்சத்தோடு இலாபமும் கைகோத்து நின்றது. தாம் விற்காவிட்டால் அமெரிக்கா விற்கும் என்று ஐரோப்பிய நாடுகள் சொல்லின. அமெரிக்கா சங்கத்தில் உறுப்பு நாடல்ல. அங்குள்ள எண்ணெய் வணிகரை அந்நாட்டு அரசு தார்மீக முறையில் வேண்டிக்கொண்டதே ஒழிய, சட்டத்தால் தடுக்கவில்லை. இத்தாலிக்குச் சென்ற அமெரிக்க எண்ணெயின் அளவு அந்த மாதங்களில் ஏறியதேயன்றி இறங்கவில்லை. ஒருவரை ஒருவர் சுட்டிக்காட்டி அனைவரும் விற்றனர். 1936 மே மாதம் அடிஸ் அபாபா வீழ்ந்தது. ஜூன் 30ஆம் திகதி நாடிழந்த மன்னர் ஹைலே செலாசி ஜெனீவாவிற் சங்கத்தின் முன் நின்று நீதி கேட்டார். ஜூலை மாதத்தில் இருந்த தடைகளும் நீக்கப்பட்டன. எண்ணெயையும் தடுத்திருந்தால் ஒரு வாரத்துக்குள் அபிசீனியாவிலிருந்து வெளியேற நேர்ந்திருக்கும் என்று பின்னர் முசோலினியே ஹிட்லரிடம் ஒப்புக்கொண்டதாக மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். சங்கம் அன்றே செத்தது. அதன் கட்டடம் மட்டும் சில ஆண்டுகள் நின்றது.

இனி முப்பது ஆண்டுகள் கடந்து ஆபிரிக்காவுக்கே வருவோம். 1965 நவம்பர் 11ஆம் திகதி தெற்கு ரொடீசியாவின் வெள்ளைச் சிறுபான்மை அரசு, பெரும்பான்மைக் கறுப்பு மக்களுக்கு உரிமை வழங்க மறுத்துத் தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தது. பிரித்தானியா எண்ணெய்த் தடை விதித்தது. சில மாதங்கள் அல்ல, சில வாரங்களிலேயே கிளர்ச்சி அடங்கிவிடும் என்ற பொருள்பட 1966 ஜனவரியில் பிரதமர் வில்சன் லாகோசிற் பேசினார். ஏப்பிரல் மாதம் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை, மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்துக்கு எண்ணெய் கொண்டுவரும் கப்பல்களைப் பலவந்தமாகத் தடுக்கவும் பிரித்தானியாவுக்கு அதிகாரம் வழங்கியது. அரச கடற்படைக் கப்பல்கள் 1975 வரை, ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாக, அந்தக் கடலிற் காவல் நின்றன.

வாரங்களில் விழ வேண்டிய ஆட்சி எத்தனை காலம் நின்றது? பதினான்கு ஆண்டுகள். எண்ணெய் எங்கிருந்து வந்தது? முன்வாசலிற் காவலாளி நின்றான். பின்வாசல் திறந்து கிடந்தது. மொசாம்பிக்கின் மற்றொரு துறைமுகமான லொரன்சோ மார்க்கேசிலிருந்து இரயிற் பாதை வழியாகவும் தென்னாபிரிக்கா ஊடாகவும் எண்ணெய் தடையின்றிச் சென்றது. அதை அனுப்பியவர் யார்? ஷெல், பிரிட்டிஷ் பெற்றோலியம் ஆகிய கொம்பனிகளின் தென்னாபிரிக்கக் கிளைகளும் பிறவும். பிரிட்டிஷ் பெற்றோலியத்தின் மிகப் பெரிய பங்காளி பிரித்தானிய அரசே! தடை விதித்த கையும் விற்று வாங்கிய கையும் ஒரே உடலில் இருந்தன.

இதைவிட வெட்கக்கேடு பின்னர் வெளிவந்தது. 1978இல் வெளியான பிங்ஹாம் அறிக்கை திரையை விலக்கியது. 1968 முதல் சில ஆண்டுகள் ஒரு மாற்று ஏற்பாடு நடந்திருக்கிறது. பிரெஞ்சுக் கொம்பனியான டோட்டால் ரொடீசியாவுக்கு எண்ணெய் கொடுக்கும். அதற்கு ஈடான எண்ணெயைப் பிரித்தானியக் கொம்பனிகள் தென்னாபிரிக்காவில் டோட்டாலுக்குக் கொடுக்கும். பிரித்தானியக் கொம்பனி ரொடீசியாவுக்கு எண்ணெய் கொடுக்கவில்லை என்று பாராளுமன்றத்திற் சொல்லிக்கொள்ள இந்தத் தந்திரம் போதுமாயிற்று. இது அமைச்சர் மட்டம் வரை தெரிந்தே நடந்தது. படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில் என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். இந்தக் குற்றத்துக்காக எவரேனும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனரா? ஒருவரும் இல்லை. தென்னாபிரிக்காவுடன் பிரித்தானியா செய்த பெரும் வர்த்தகம் கெட்டுவிடக் கூடாது என்பதே எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த கணக்கு.

அந்தத் தடையின் சுமையை உண்மையில் தாங்கியது யார் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. ரொடீசியாவின் வடக்கே, கடற்கரை இல்லாத ஏழை நாடு சாம்பியா. அப்பொழுதுதான் சுதந்திரம் பெற்று ஓராண்டு கழிந்திருந்தது. அதற்கு வேண்டிய எண்ணெய் ரொடீசியா வழியாகவே வந்தது. தடை விழுந்ததும் அந்த வழி அடைபட்டது. பெற்றோல் பங்கீடு வந்தது. பீப்பாய்களை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. தார் எஸ் சலாமிலிருந்து என்டோலா வரை 1,700 கிலோமீற்றருக்கு மேற்பட்ட குழாய் 1968இல் திறக்கப்படும்வரை அந்த நாடு மூச்சுத் திணறியது. குற்றவாளி காரிற் போனான். அவனுக்கு எதிராக நின்றவன் நடந்து போனான்!

எண்ணெய் இல்லாத வாழ்வு என்னவென்று நம் மக்களுக்கு ஒருவர் விளக்க வேண்டியதில்லை. 1990களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடுக்கப்பட்ட காலத்தில், ஜாம் போத்தலில் திரியிட்டுச் சொட்டு மண்ணெண்ணெயை இரவெல்லாம் காத்துப் படித்த பிள்ளைகள் இன்று பெற்றோராக இருக்கிறார்கள். தடையின் நோக்கம் எதுவாக இருப்பினும் அதன் முதல் அடி அடுப்படியில் விழுகிறது என்பதை அவர்கள் அறிவார்கள்.

பழைய கதை போதும்; இன்றைய கதைக்கு வருவோம். 2022 பெப்ரவரி 24ஆம் திகதி ருஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. இது சர்வதேசச் சட்டத்தை மீறிய ஆக்கிரமிப்பு என்பதில் எமக்கு ஐயமில்லை. மார்ச் 8ஆம் திகதியே அமெரிக்கா ருஷ்ய எண்ணெயை இறக்குமதி செய்வதற்குத் தடை விதித்தது. துணிச்சலான செயல் என்று பலர் மெச்சினர். ஆனால் அமெரிக்கா தானே பெரும் எண்ணெய் உற்பத்தி நாடு. ருஷ்ய எண்ணெயை அது நம்பி இருக்கவில்லை. அணு உலைகளுக்கு வேண்டிய செறிவூட்டிய யுரேனியத்துக்கு அது ருஷ்யாவை நம்பி இருந்தது. அதைத் தடுக்கும் சட்டம் 2024 மே மாதம்தான் வந்தது. அதிலும் 2027 வரை விலக்குக் கொடுக்க இடம் வைக்கப்பட்டது. வேண்டாத பொருளுக்கு இரண்டு வாரத்திலே தடை. வேண்டிய பொருளுக்கு இரண்டு ஆண்டு கழித்துத் தடை!

ஐரோப்பிய ஒன்றியத்தின் கதை இதனினும் நீண்டது. கடல்வழி வரும் ருஷ்ய மசகெண்ணெய்க்கு 2022 ஜூனில் தடை தீர்மானிக்கப்பட்டது; டிசம்பர் 5ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இந்த இடைவெளியில் ஒவ்வொரு நாடும் தன் தன் கணக்கை நீட்டியது. ட்ரூஷ்பா குழாய் வழியாக ருஷ்ய எண்ணெய் பெறும் ஹங்கேரி, தன் நாட்டுக்குக் கடற்கரை இல்லை என்று வாதாடிக் குழாய் எண்ணெய்க்கு விலக்குப் பெற்றது. ஸ்லோவாக்கியாவும் செக் நாடும் அந்த விலக்கினாற் பயனடைந்தன. கடற்கரை உள்ள பல்கேரியாவுக்கும் தனியாக ஒரு தவணை கிடைத்தது. ருஷ்ய எண்ணெயை வேறு நாடுகளுக்கு ஏற்றிச் செல்வதையும் ஐரோப்பியக் கப்பல்களுக்கு அடியோடு தடுக்க வேண்டும் என்ற யோசனை முதலில் இருந்தது. ஐரோப்பாவின் எண்ணெய்க் கப்பல்களிற் பெரும்பகுதி கிரேக்க முதலாளிகளுடையது. கிரேக்கம், மால்ட்டா, சைப்பிரஸ் ஆகிய கப்பல் நாடுகள் எதிர்த்தன, யோசனை கைவிடப்பட்டது.

அதற்குப் பதிலாக வந்ததுதான் விலை வரம்பு. பீப்பாய் ஒன்றுக்கு 60 டொலருக்கு மேற்படாமல் விற்கப்படும் ருஷ்ய எண்ணெயை மேற்கு நாட்டுக் கப்பல்கள் ஏற்றலாம் என்று 2022 டிசம்பரில் விதிக்கப்பட்டது. மேற்கு நாட்டுக் கொம்பனிகள் காப்புறுதி செய்யவும் இடமளிக்கப்பட்டது. இந்த 60 என்ற எண் எப்படி வந்தது? ருஷ்யாவின் அயலிலே அச்சத்தோடு வாழும் போலந்தும் போல்டிக் நாடுகளும் 30 டொலர் அளவில் வைக்கச் சொல்லின. கப்பல் நாடுகள் 70 டொலர் கேட்டன. போரை அஞ்சியவனும் வாடகையை எண்ணியவனும் ஒரே மேசையிலிருந்து பேரம் பேசி நடுவிலே ஓர் எண்ணைக் கண்டார்கள். ஜப்பான் தன் பங்குள்ள சகாலின் எண்ணெய்க்கு விலக்குப் பெற்றது. ருஷ்ய எண்ணெய் உலகச் சந்தைக்கு வராமற் போனால் விலை ஏறி மேற்கு நாட்டு வாக்காளர் சினங்கொள்வர். எனவே எண்ணெய் ஓடவும் வேண்டும், ருஷ்யாவுக்குப் பணம் குறையவும் வேண்டும் என்பதே இத்திட்டத்தின் கருத்து. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை!

இந்தச் சூழலில் இந்தியா என்ன செய்தது? போருக்கு முன் இந்தியா வாங்கிய மசகெண்ணெயில் ருஷ்யாவின் பங்கு நூற்றுக்கு இரண்டு வீதத்திற்கும் குறைவு. ஓராண்டு கழிந்தபோது அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. கழிவு விலையில் வாங்கிச் சுத்திகரித்த டீசலின் ஒரு பகுதி ஐரோப்பாவுக்கே விற்பனையாயிற்று. ருஷ்யாவிடம் வாங்குவதைக் குறைகூறிய ஐரோப்பா அதே எண்ணெயை இந்தியச் சுங்க முத்திரையோடு வாங்கிக் கொண்டது. ஒரு மாதத்தில் இந்தியா வாங்குவதை ஐரோப்பா ஒரு பிற்பகலில் வாங்கிவிடுகிறது என்ற கருத்தில் இந்திய வெளிநாட்டமைச்சர் ஜெய்சங்கர் 2022 ஏப்பிரலில் அமெரிக்காவிலேயே நின்று பதிலடி கொடுத்தார். உலக விலை ஏறாதிருக்க இந்தியாவின் கொள்முதல் உதவுகிறது என்று அமெரிக்க அதிகாரிகளும் அப்போது அதைப் பொறுத்துக்கொண்டனர்.

காலம் மாறிற்று, கணக்கும் மாறிற்று. 2025 ஓகஸ்டில் அதே கொள்முதலைக் காரணங்காட்டி அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது மேலும் 25 வீதம் தீர்வை விதித்தது. ருஷ்ய எண்ணெயை வாங்குவோரில் முன்னிற்கும் சீனாவுக்கு அவ்வாறான தனித் தீர்வை விதிக்கப்படவில்லை. அந்த ஆண்டு ஒக்டோபரில் ரோஸ்நெவ்ட், லூக்கோயில் என்னும் இரு பெரும் ருஷ்யக் கொம்பனிகள் மீது அமெரிக்கா தடை விதித்தது. மறுமாதமே ஹங்கேரியப் பிரதமர் வாஷிங்டன் சென்று தம் நாட்டுக்கு விலக்குப் பெற்றுத் திரும்பினார். ஒரே செயல், ஒருவனுக்குத் தண்டம், ஒருவனுக்குப் பாராமுகம், ஒருவனுக்கு விலக்கு. இதை நீதி என்று எந்த அகராதி சொல்லும்?

பிறரைப் பேசும் நாம் நம் நாட்டைப் பேசாமல் விடுவது முறையன்று. 1952இல், கொரியப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், சீனாவுக்குப் போர்முறை முக்கியத்துவம் வாய்ந்த பொருட்களை அனுப்பக் கூடாது என்ற தடை இருந்தது. அரிசியின் விலை ஏறியது. றப்பரின் விலை இறங்கியது. அமெரிக்கா நல்ல விலை தர மறுத்தது. பொதுவுடைமைக்கு எதிரான ஐக்கிய தேசியக் கட்சி அரசே சீனாவுடன் றப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது. அமெரிக்க உதவியை இழந்தது. சோற்றுப்பானை கொள்கையை வென்றது. 1962இல் வெளிநாட்டு எண்ணெய்க் கொம்பனிகளின் சொத்துக்களை இலங்கை அரசு பொறுப்பேற்றபோது, நட்ட ஈட்டைக் காரணங்காட்டி 1963 பெப்ரவரியில் அமெரிக்கா மீண்டும் உதவியை நிறுத்தியது. எண்ணெய்க் கொம்பனியின் கணக்கு ஒரு வல்லரசின் வெளிநாட்டுக் கொள்கையாக உருமாறியதை நம் நாடு நேரே அனுபவித்தது.

சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகெண்ணெய்க்கு இசைந்தது. 2012இல் அமெரிக்கா ஈரான் எண்ணெய்க்குத் தடை விதித்தபோது இலங்கை தவித்தது. இறக்குமதியைக் குறைத்ததற்காக ஜூன் மாதம் இந்தியா, தென்கொரியா, துருக்கி முதலிய நாடுகளோடு இலங்கைக்கும் விலக்குக் கிடைத்தது. ஆனால் வங்கிவழி அடைபட்டதால் ஈரானுக்குச் செலுத்த வேண்டிய கடன் பல ஆண்டுகள் கிடந்தது. ஏறத்தாழ 25 கோடி டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாகத் தீர்க்க 2021 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலை என்பது அதன் கணக்கு. ஈரானுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள பகைக்கு மலையகத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் பெண்ணின் கை ஈடு கட்டுகிறது! அடுத்த ஆண்டிலேயே டொலர் இல்லாமல் நாடு வரிசையில் நின்றபோது, 2022 மே மாதம் ருஷ்ய மசகெண்ணெய் 90,000 தொன் இடைத்தரகர் மூலம் வாங்கப்பட்டது. பெற்றோல் வரிசையில் நின்று இறந்த மக்களைக் கொண்ட ஒரு நாட்டை அதற்காகக் குறைகூற யாருக்கு வாயிருக்கிறது?

இங்கே ஒரு கேள்வி எழும். எல்லா நாடுகளும் சுயநலத்தின்படியே நடக்கின்றன என்றால் தடை என்பதே வீண் நாடகம்தானா? அப்படி நாம் சொல்லவில்லை. ஆக்கிரமிப்பாளனை வெடிகுண்டு இல்லாமற் பணியவைக்கும் வழி ஒன்று உலகத்துக்கு வேண்டும். தன் மக்களுக்குச் சோறும் விளக்கும் தேடுவது எந்த அரசுக்கும் கடமை. அது குற்றமன்று. தன் பெட்டியை நிரப்பிக்கொண்டே பிறனுக்குத் தியாகத்தை உபதேசிப்பதுதான் குற்றம். பசிக்கு வாங்குகிறவனையும் இலாபத்துக்கு விற்கிறவனையும் ஒரே கோலால் அடிப்பதும், அடிக்கும்போது நண்பனை விட்டுவிடுவதும்தான் குற்றம். வறிய நாடு வாங்கியது பிழை என்றால் அதைச் சுமந்த கப்பலும், காப்புறுதி செய்த கொம்பனியும், சுத்திகரித்தபின் வாங்கிய செல்வ நாடும் அதே கூண்டில் நிற்க வேண்டும்.

ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 50ஆம் உறுப்புரை, பாதுகாப்புச் சபை எடுக்கும் நடவடிக்கைகளாற் பொருளாதார இடருக்கு உள்ளாகும் நாடு அச்சபையை அணுகித் தீர்வு கேட்கலாம் என்கிறது. அன்றே சாம்பியாவுக்காக இது முழுமையாகச் செயற்பட்டிருக்க வேண்டும். ஆனால் இன்றைய எண்ணெய்த் தடைகளிற் பெரும்பாலானவை பாதுகாப்புச் சபையைச் சுற்றிக்கொண்டு, வல்லரசுகளும் அவற்றின் கூட்டணிகளும் தாமாகவே விதிப்பவை. அவற்றால் இடர்ப்படும் நாட்டுக்கு அணுகுவதற்கு ஒரு வாசலும் இல்லை. தடை விதிக்கும் உரிமையைத் தாமே எடுத்துக்கொண்டவர்கள் அதன் நட்டத்தையும் தாமே ஏற்க வேண்டும் என்று சிறிய நாடுகள் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும். விலக்கு வழங்குவதாயின் அதற்கு அளவுகோல் ஒன்று வெளிப்படையாக வகுக்கப்பட வேண்டும். வாஷிங்டனுக்கோ பிரசெல்சுக்கோ காவடி எடுத்துப் பெறும் சலுகையாக அது இருக்கக் கூடாது. தடையை மீறி இலாபம் கண்ட கொம்பனியின் அதிபர், ரொடீசியா விடயத்தில் தப்பியதுபோல் மீண்டும் தப்பக் கூடாது.

கொழும்பு அரசுக்கும் ஒரு சொல். ஒரு நாட்டு எண்ணெய்க்கு இசைந்த ஆலையும் குறைந்த சேமிப்பும் உள்ள நாட்டுக்கு வெளிநாட்டுக் கொள்கை என்று ஒன்று இருக்க முடியாது. பிறர் கொள்கையின் வாலைப் பிடித்துத்தான் அது நடக்கும். சேமிப்புக் குதங்களை நிரப்புவதும், எண்ணெய் வாங்கும் வழிகளைப் பலவாக்குவதும், காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுப்பதும் பொருளாதார வேலை மட்டுமல்ல. நாட்டின் குரலை மீட்கும் வேலையும் ஆகும்.

உலக மன்றத்தில் அடுத்த எண்ணெய்த் தடை முன்மொழியப்படும் நாளில், பேசுகிறவரின் சொல்லைக் கேட்பதற்கு முன் இரண்டு வினாக்களை வாசகர் மனத்திற் கொள்ளட்டும். இந்தத் தடையால் இவருக்கு என்ன நட்டம்? இந்தத் தடையில் இவர் கேட்ட விலக்கு என்ன? முதலாவதற்கு விடை ‘ஒன்றுமில்லை’ என்றும், இரண்டாவதற்கு விடை நீண்ட பட்டியலாகவும் இருக்குமாயின், அங்கே பேசுவது நீதி அன்று; பீப்பாய் பேசுகிறது. தானும் இழக்கத் துணிந்தவன் கேட்கும் நீதிக்கே உலகம் செவிசாய்க்கும். அந்த நாள் வரும்வரை சாம்பியாவின் இருட்டும், மலையகத்துக் கொழுந்துக் கூடையும் வல்லரசுகளின் கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாத கடனாகவே இருக்கும். அக்கடனை மறவாமல் நினைவூட்டிக்கொண்டிருப்பது எம் போன்றோரின் கடமை.